ஏலிக்குட்டி நடத்திய இன்டர்வியூ

"உன் பலவீனம் என்னன்னு கேட்டா, என் புருசன்தான்னு சொல்லு. அதுல ஒரு பொய்யும் இல்லே."

அடுக்களையிலிருந்து மருமகள் ஜெஸம்மாவுக்கு இதைச் சொன்னவள் ஏலிக்குட்டி. முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை அகட்டி உட்கார்ந்திருந்த அவள் மகன் குரியாச்சன் எழுந்தே விட்டான்.

"அம்மச்சி வாயை மூடிக்கிட்டு பலாக்கொட்டையைச் சுரண்டு. இது வீட்டு விசயம் இல்லே, அயர்லாந்து விசயம்."

"அயர்லாந்துக்காரனுக்கு வீடு இல்லையோ?"

"இருக்கு. அந்த வீட்டுல உன்னை மாதிரி ஒரு வாய் இல்லே. இப்ப அஞ்சு வருசத்துக்கு ஒரு பதில் வேணும். டில்லி ஆஸ்பத்திரியை விட்டு வந்து எங்க இருந்தே, என்ன செஞ்சேன்னு ஜெஸம்மாவைக் கேப்பான். நான் ஃபாதர்கிட்ட பேசிட்டேன். சர்ச் கிளினிக்குல வேலை பாத்தாள்னு கடுதாசி தர்றேன்னுட்டாரு."

"அந்தக் கிளினிக் பூட்டிக் கெடக்கு. உள்ளே வௌவால் குடியிருக்கு. உன் பொண்டாட்டி அஞ்சு வருசமா வௌவாலுக்கா ஊசி போட்டா?"

"மெதுவாப் பேசு. தங்கம்மா சேச்சி வேலியிலேயே நிக்குது."

பக்கத்து வீட்டுத் தங்கம்மா நின்றுகொண்டுதான் இருந்தாள். எங்கள் ஊர் குன்னும்புறத்தில் வேலி என்று ஒன்று இருப்பதே நிற்பதற்குத்தான்.

ஏலிக்குட்டி கத்தியோடு முன்னறைக்கு வந்தாள். "நெசத்தைச் சொன்னா என்ன? உன் அப்பனை, என் கெட்டியவனை நாலு வருசம் படுக்கையில வெச்சுப் பாத்தாளே. மூக்குக்குழாயில கஞ்சித்தண்ணி விட்டா, பீ மூத்திரம் அள்ளினா, புரட்டிப் புரட்டிப் போட்டா. முதுகுல ஒரு புண்ணு வந்ததா? ஆஸ்பத்திரியில செஞ்சா வேலை, என் வீட்டுல செஞ்சா சும்மா இருந்ததா?"

"அது வேண்டாம் அம்மச்சி" என்றாள் ஜெஸம்மா.

சண்டை தொடங்கியதிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு இதுதான். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து குரியாச்சனின் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஏன் வேண்டாம்?"

"அப்பச்சன் பேச்சு அங்கே வேண்டாம்."

ஏலிக்குட்டி மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். "புரியுது. பிழைக்காத கேஸு. சொன்னா உனக்குக் குறைச்சல். அந்தச் சனிக்கிழமை மட்டும் நீ கொஞ்சம் யோசிச்சிருந்தா, இப்ப தலை நிமிர்ந்து சொல்லலாம்."

ஜெஸம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். 

அந்தச் சனிக்கிழமை எங்கள் ஊருக்கே தெரியும். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய நாள், காய்ச்சலில் கிடந்த மாமனார் வர்க்கிச்சனுக்கு ஜெஸம்மா ஈரத்துணியால் தலையோடு உடம்பு துடைத்துவிட்டாள். ஈஸ்டரன்று மூச்சு இரைத்தது. திங்களன்று சர்ச்சில் சாவுமணி அடித்தார்கள். நர்ஸ் படிப்பு படித்தவள் காய்ச்சல்காரனுக்குக் குளிர் வைத்துவிட்டாள் என்று ஏலிக்குட்டி அடக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னாள். நாற்பத்தொன்றாம் நாள் சாப்பாட்டில் சொன்னாள். பிறகு கேட்க ஆள் கிடைத்தபோதெல்லாம் சொன்னாள். ரேஷன் கடையில் ஜெஸம்மாவைப் பார்த்தால், "மழையில தலை நனையாம போ மோளே, உனக்குத் தெரியாததா" என்று தங்கம்மா பரிவாகச் சொல்வாள். அந்தப் பரிவுக்கு ஒரு கூர்மை உண்டு.

ஜெஸம்மாவுக்கு வெளிநாடு போவது என்பது சம்பளம் மட்டும் இல்லை. இந்த வேலியைத் தாண்டிப் போவது. வயது முப்பத்தெட்டு. பிள்ளை இல்லை. வேலையில் விழுந்த இடைவெளி இதற்கு மேல் நீண்டால் எந்த நாட்டு ஆஸ்பத்திரியும் தொடாது, இந்த ஒரு இன்டர்வியூதான் என்று ஏஜென்சிக்காரன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டான். குரியாச்சனோ ஊரார் ரப்பர் மரத்தை வெட்டிப் பால் எடுக்கிறவன். ஆடியில் வருகிற கர்க்கடக மழையில் வெட்டு கிடையாது. மழை நிற்கிற வரைக்கும் அவனுக்கு வேலை மனைவியை அயர்லாந்துக்கு அனுப்புவதுதான்.

பதில்கள் எல்லாம் ஷைனியுடையவை. மேட்டு வீட்டு ஷைனி முன்னாலேயே அயர்லாந்து போனவள். இன்டர்வியூ முடிந்து வெளியே வருகிறவள் என்ன கேட்டார்கள் என்று அடுத்தவளுக்கு ஒப்பிக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் நர்ஸுகளுக்குள் எழுதாத சட்டம். ஷைனி அதையெல்லாம் சேர்த்து, பதிலும் தானே பேசி, செல்போனில் குரலாக அனுப்புவாள். உன்னைப் பற்றிச் சொல். ஏன் எங்கள் ஆஸ்பத்திரி. கோபக்கார நோயாளியை எப்படிச் சமாளிப்பாய். நீ செய்த ஒரு தவறைச் சொல். கடைசிக் கேள்விக்கு ஷைனியின் பதில் பிரசித்தம்: ஒரே பெயருள்ள இரண்டு நோயாளிகள், ஒருவருடைய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கப் போனேன், கடைசி நொடியில் நோயாளியின் கைப்பட்டி நம்பரைப் பார்த்து நிறுத்தினேன், நானே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன், பாடம் கற்றேன். தவறும் இருக்கும், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. இந்த ஒரு தவறைச் சொல்லிக் கடல் தாண்டிய பெண்கள் எங்கள் சர்ச்சில் இரண்டு பெஞ்சுக்கு வருவார்கள்.

கடைசியில் ஷைனி ஒரு யோசனையும் சொல்லியிருந்தாள். "கண்ணாடி முன்னாடி பழகாதீங்க. உங்களுக்கு யாரைப் பாத்தா பயமோ, அவங்களை எதிர்ல உக்கார வெச்சுப் பழகுங்க."

குரியாச்சன் அதைக் கேட்டான். அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அப்படித்தான் ஏலிக்குட்டி இன்டர்வியூ நடத்தத் தொடங்கினாள். இங்கிலீஷ் கேள்விகளை மலையாள எழுத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தான் குரியாச்சன். காலைக் கஞ்சி முடிந்ததும் அவள் வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்து, ஞாயிற்றுக்கிழமை மேல்துணியைப் போட்டு, முன்னறை மேசைக்குப் பின்னால் உட்காருவாள். வெளியே மழை. அடுப்புக்கு மேல் புகையில் தொங்கும் ரப்பர் ஷீட்டுகளின் நாற்றம். எதிரே மருமகள்.

"டெல் மீ எபௌட் யுவர்செல்ஃப்" என்பாள், வேதபாடம் வாசிக்கிற இழுப்பில்.

அர்த்தம் ஒன்றும் தெரியாமல்தான் ஆரம்பித்தாள். ஆனால் கேட்டதையே கேட்கக் கேட்க, அவளை அறியாமல் காதுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஜெஸம்மா ஒரு வாக்கியத்தை விட்டால் மேசையைத் தட்டுவாள்.

"நில்லு. பேஷன்ட் சேஃப்டி எங்கே? நேத்து டீம் வொர்க்குக்கு அடுத்தாப்புல அதைச் சொன்னே."

"மறந்துட்டேன் அம்மச்சி."

"மறந்துட்டேன்னு வெள்ளைக்காரன்கிட்ட சொல்லுவியா? முதல்ல இருந்து வா. குனியாதே. திருட்டுக் கோழி மாதிரி முழிக்காதே."

குரியாச்சன் வாசல்படியில் பால் விடாத கட்டன் காப்பியோடு உட்கார்ந்து சிரிப்பான். "அம்மச்சியை அங்கே அனுப்பிடலாம்டீ. ஆஸ்பத்திரியே கைக்கு வந்துரும்."

அஞ்சு வருஷக் கேள்விக்கு மட்டும் பதில் முடிவாகவில்லை. ஃபாதரின் கடுதாசி இதோ அதோ என்று தள்ளிப்போயிற்று. அவருக்கும் வௌவால் நினைவு வந்திருக்க வேண்டும். கடைசியில் ஏலிக்குட்டி தன் இஷ்டத்துக்குத் தீர்ப்பு சொன்னாள். "என் கெட்டியவனைப் பாத்தேன்னு சொல்லலேன்னா நான் இந்த நாற்காலியில உக்கார மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கோ. அவர் ஒரு மனுசனா இங்கே கெடந்தாரு. நாலு வருசமும் இந்த வீட்டுல ஒண்ணும் நடக்கலேங்கிற மாதிரி பதில் சொல்ல விடமாட்டேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்தாள். ஜெஸம்மா வெகுநேரம் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி அம்மச்சி. அதையே சொல்றேன்" என்றாள்.

ஷைனி அதற்கும் இங்கிலீஷ் செய்து அனுப்பினாள். மை ஃபாதர் இன் லா, ஸ்ட்ரோக், விழுங்க முடியாது, ட்யூப் ஃபீடிங், நாலு வருஷம், ஒரு படுக்கைப் புண் இல்லை. தன் புருஷன் இங்கிலீஷில் வருவதைக் கேட்க ஏலிக்குட்டிக்கு ஒரே சந்தோஷம். அந்தக் கேள்வியை மட்டும் மூன்று தடவை கேட்பாள். "ஸ்வாலோன்னா விழுங்குறது, இல்லையா? லங்ஸ் எது, நெஞ்சுக்குள்ள இருக்கிறதா?" என்று ஒவ்வொரு சொல்லாக அர்த்தம் கேட்டு வைத்துக்கொண்டாள்.

இன்டர்வியூ அன்று மழைக்கு வெறி பிடித்திருந்தது. லேப்டாப் தங்கம்மா வீட்டுடையது. அவள் மகள் ரின்ஸி அந்த வருஷம்தான் நர்ஸிங் முடித்திருந்தாள். கொண்டுவந்து மேசையில் வைத்து, திரையில் ஜெஸம்மாவின் முகம் நடுவில் வரும்படி கீழே இரண்டு பாட்டுப்புத்தகங்கள் அடுக்கி, வெளிச்சம் பார்த்துவிட்டுப் போனாள். சேவலைக் கூடையால் மூடினார்கள். இயேசுவின் படத்துக்குக் கீழே எரியும் சிவப்பு பல்பை அணைக்கலாமா வேண்டாமா என்று அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரு சின்னச் சண்டை நடந்து, அணைக்காமலே விட்டார்கள். குரியாச்சன் தன் செல்போனை ஜன்னல் விளிம்பில், திரைச்சீலைக்குப் பின்னால், ஒலிப்பதிவு ஓடவிட்டு வைத்தான். அடுத்த ஆட்களுக்குக் கேள்விகள் வேண்டும் என்று ஷைனி கேட்டிருந்தாள். பிறகு அவன் குடையோடு கரண்ட் கம்பத்தடிக்குப் போய் நின்றான். நின்றால் கரண்ட் போகாது என்று யார் சொன்னார்களோ.

ஏலிக்குட்டி அடுக்களை வாசலில் தொங்கும் திரைக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்தாள். மடியில் முறம், முறத்தில் குடம்புளி. மத்தியானம் மீன் வைக்க வேண்டும்.

முதல் கேள்வி வந்தது. மருமகள் குரல் நடுங்கவில்லை. திரைக்குப் பின்னால் ஏலிக்குட்டியின் உதடுகள் கூடவே அசைந்தன. பேஷன்ட் சேஃப்டி சரியான இடத்தில் வந்தது. ஏலிக்குட்டி தலையை ஆட்டிக்கொண்டாள். அஞ்சு வருஷக் கேள்வி வந்தது. மை ஃபாதர் இன் லா. லேப்டாப்புக்குள் இருந்த பெண் ஏதோ இரக்கமாகச் சொன்னாள். ஏலிக்குட்டிக்குக் கண் கரித்தது. கையில் புளி ஒட்டியிருந்தது, கண்ணைத் துடைக்க முடியவில்லை.

தவறு பற்றிய கேள்வி வந்தது. ஒரே பெயர், இரண்டு நோயாளி, கைப்பட்டி. ஜெஸம்மா சொல்லி முடித்தாள். லேப்டாப்புக்குள் ஒரு ஆண் மெல்லச் சிரித்தான். அவன் அடுத்துப் பேசியது ஏலிக்குட்டியின் தாளில் இல்லாதது. அவளுக்கு இரண்டு மூன்று சொல்தான் பிடிபட்டது. இந்தக் கதையைக் காலையிலேயே இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள், உன்னுடையது ஏதாவது சொல் என்பதாக இருக்க வேண்டும்.

 கூரைத் தகரத்தில் மட்டும் மழை. ஏலிக்குட்டி திரைப் பக்கம் சாய்ந்தாள். பேசு மோளே, எதையாவது பேசு.

ஜெஸம்மா பேசினாள். மனப்பாடம் இல்லை என்று குரலிலேயே தெரிந்தது. விட்டு விட்டு, சொல்லைத் தேடித் தேடி வந்தது.

மை ஃபாதர் இன் லா. அது தெரிந்த சொல். ட்யூப் ஃபீடிங், அதுவும் தெரியும். ஃபெஸ்டிவல். பண்டிகை. ஹோலி பிரெட். மை மதர் இன் லா.

ஏலிக்குட்டியின் கை முறத்தில் நின்றுவிட்டது.

ஸ்வாலோ. லங்ஸ். ஃபீவர். டெத்.

ஏலிக்குட்டி எழுந்திருக்கப் பார்த்தாள். முறத்திலிருந்து புளி சிதறவும் மறுபடி உட்கார்ந்தாள். ஈஸ்டருக்கு முந்தைய அந்தப் பெரிய வியாழன் சாயங்காலம் முழுசாக அவள் முன்னால் வந்து நின்றது. அன்றைய பெசஹா ஜெபத்துக்குச் சுட்ட புளிப்பில்லாத அப்பத்தின் மேல் குருத்தோலைச் சிலுவை. ஜெபம் முடித்து, படுத்துக் கிடக்கிற அப்பனுக்குப் பதிலாகக் குரியாச்சன் அப்பம் முறித்தான். மூத்தவரிலிருந்து இளையவர் வரைக்கும் ஆளுக்கு ஒரு துண்டு. வர்க்கிச்சனின் துண்டைத் தட்டில் தனியாக வைத்தார்கள். அந்தத் தட்டையே வர்க்கிச்சன் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் அப்பம் முறித்த கை, போர்வைக்குள் மடங்கிக் கிடந்தது. ஜெஸம்மா பாத்திரம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். குரியாச்சன் சர்ச்சுக்குக் கிளம்பினான். ஏலிக்குட்டி அந்தத் துண்டை எடுத்து, வெல்லப்பாலில் ஊறவைத்து, குழைத்து, புருஷன் வாயில் வைத்தாள். கர்த்தருடைய அப்பம், ஒரு நகத்தளவு. யாரை என்ன செய்யும். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக நாக்கில் ருசி. கொஞ்சம் இருமினார். அவள் வாயைத் துடைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் மருமகள் முடித்துக்கொண்டிருந்தாள். "மை மிஸ்டேக்" என்றாள். அது ஏலிக்குட்டிக்கு நன்றாகப் புரிந்தது. வாய்வழியாகக் கொடுக்காதே என்று நான் உத்தரவு மட்டும்தான் போட்டேன். ஏன் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று என் மாமியாருக்கு உட்கார்ந்து சொல்லவே இல்லை. அது என் தவறு. இப்போது எந்த வீட்டாரிடமும் முதலில் காரணத்தைச் சொல்லுவேன்.

 லேப்டாப்புக்குள் இருந்த பெண் தாழ்ந்த குரலில் நன்றி சொன்னாள்.

ஜெஸம்மா அடுக்களைக்குள் வந்தபோது ஏலிக்குட்டி அரிவாள்மனையில் மத்தியைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே சீவிய மீன்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அம்மச்சி."

"பேஷன்ட் சேஃப்டி சொன்னே. கேட்டேன்."

"ஆமா."

"பின்னாடி சொன்னதையும் கேட்டேன்."

ஜெஸம்மா சுவரில் சாய்ந்தாள். இந்தக் கிழவிக்கு என்ன புரியப்போகிறது என்றுதான் அவள் நினைத்திருப்பாள். இத்தனை நாள் கேள்வி கேட்டவள் யார் என்பதை அந்த ஒரு நிமிஷம் மறந்துவிட்டாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"அன்னிக்கே. அப்பச்சன் வாயைச் சுத்தம் பண்றப்ப மேலண்ணத்துல அப்பம் ஒட்டியிருந்துது."

"ஏன் சொல்லலே?"

"சொன்னா அப்பச்சன் எழுந்து வருவாரா?"

"அது இல்லேடீ. நான் ஊர் பூரா நீதான் குளிர் வெச்சேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. அப்பவாவது என் மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை."

"தினமும் நினைச்சேன்" என்றாள் ஜெஸம்மா. குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "தங்கம்மா சேச்சி ரேஷன் கடையில பேசுறப்ப நினைச்சேன். இந்த வருசப் பெசஹாவுக்கு, சாவு விழுந்த வீடுன்னு நாம சுடலே, சேச்சி அப்பம் கொண்டுவந்து குடுத்தாங்க. நீங்க தொடலே. உங்க மகன்தான் ரெண்டு பேர் பங்கையும் தின்னாரு. அன்னிக்குச் சொல்லிடணும்னு வாய் வரைக்கும் வந்துது. நீங்க தொடாததைப் பாத்து விட்டுட்டேன்."

ஏலிக்குட்டி அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளினாள்.

"இன்னிக்கு அவங்களுக்கு உங்களைத் தெரியாது, ஊர் தெரியாது. வேற ஒண்ணும் வாயில வரலே. சொல்லிட்டேன்."

மீன்சட்டியில் குடம்புளித் தண்ணீர் கொதித்தது. ஏலிக்குட்டி எழுந்து மீனைப் போட்டாள். உப்புப் போட்டாளா என்று அவளுக்கே சந்தேகம். திரும்பாமலே கேட்டாள்.

"தப்பு உன்னுதுன்னு சொன்னியே. அது நெசமாச் சொன்னதா, வேலைக்காகச் சொன்னதா?"

அப்போது குரியாச்சன் நனைந்த குடையோடு உள்ளே வந்தான். "கரண்ட் போகலே பாத்தியா?" என்றான். ஜெஸம்மா அவனுக்குத் தலை துவட்டத் துண்டு எடுக்கப் போனாள். அன்றைக்கு மீனில் இரண்டு தடவை உப்பு விழுந்திருந்தது. மூன்று பேரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

வேலை கிடைத்தது. அந்தக் கடைசிப் பதில் பற்றி ஆஸ்பத்திரிக்காரர்கள் தனியாக மெச்சியதாக ஏஜென்சிக்காரன் சொன்னான். ஆனால் அதற்குள் செய்ய வேண்டிய கெடுதலைக் குரியாச்சன் செய்து முடித்திருந்தான். ஜன்னல் விளிம்பில் இருந்த ஒலிப்பதிவை, தனக்கு இங்கிலீஷ் ஓடாது என்பதால் கேட்டுக்கூடப் பார்க்காமல், அன்று சாயங்காலமே ஷைனிக்கு அனுப்பிவிட்டான். ஷைனி அதைக் கேட்டாள், அழுதாளாம். அழுது முடித்து, கைப்பட்டிக் கதை பழசாகிவிட்டது, இனி எல்லாரும் இதைச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷைத் திருத்தி, தன் குரலில் பேசி, எல்லார் செல்போனுக்கும் அனுப்பினாள். பெயர் மட்டும் இல்லை. எங்கள் ஊரில் பெயர் யாருக்கு வேண்டும். விஷயம் தெரிந்ததும் குரியாச்சன் இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

தங்கம்மா வேலிக்கு வருவதையே கொஞ்ச நாள் நிறுத்தினாள். அவளுக்கும் ஜெஸம்மாவிடம் பேச வாய் கூசியது. மழை விட்டு, ரப்பர் வெட்டு தொடங்கி, ஜெஸம்மா விமானம் ஏறிப் போனாள். கிளம்பும்போது மாமியார் கையைப் பிடித்தாள். ஏலிக்குட்டி அவள் தலையில் சிலுவை வரைந்தாள். அடுக்களையில் கேட்ட கேள்வி மறுபடி கேட்கப்படவும் இல்லை, அதற்குப் பதில் வரவும் இல்லை.

நோன்புக்காலத்தில் ஒரு நாள் காலையில் ஏலிக்குட்டி முற்றத்தில் ரப்பர் ஷீட்டுகளை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் ரின்ஸி பழகிக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியில் தங்கம்மா. மை ஃபாதர் இன் லா, ஹோலி பிரெட், மை மதர் இன் லா.

"உனக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலையேடீ" என்றாள் தங்கம்மா. "மாமியாருக்கு எங்கே போவே?"

"அப்ப என் அம்மான்னு சொல்லிக்கிறேன்."

"என்னை ஏன்டீ இழுக்கிறே? பெரியம்மான்னு சொல்லு."

ரின்ஸி மறுபடி ஆரம்பித்தாள். அப்பத்தைக் கொடுத்தாள், நோயாளி விழுங்கப் பார்த்தார் என்று வந்த இடத்தில் ஏலிக்குட்டி ஷீட்டைக் கீழே வைத்துவிட்டு வேலிக்கு வந்தாள். மேசை இல்லை, வேலிக் கம்பைத்தான் தட்டினாள். தாயும் மகளும் எழுந்துவிட்டார்கள்.

"நில்லு மோளே. அது தப்பு" என்றாள் ஏலிக்குட்டி. "வெறும் அப்பம் இல்லே. பால்ல முக்கிக் குடுத்தேன். நல்லாக் குழைச்சு. அதையும் சேர்த்துச் சொல்லு, இல்லேன்னா அவங்க நம்ப மாட்டாங்க."

தங்கம்மாவின் கையிலிருந்த கேள்வித்தாள் நழுவி விழுந்தது. ஏலிக்குட்டி திரும்பிப் போய், பாதி விரித்த ஷீட்டை எடுத்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து வெயிலில் போட்டாள்.

ரின்ஸி பாலையும் சேர்த்துச் சொன்னாள், வேலை கிடைத்தது. காஞ்சிரப்பள்ளிப் பையனைக் கட்டிக்கொண்டு அவனையும் அயர்லாந்துக்குக் கூட்டிப் போய்விட்டாள். இப்போது அவளுக்கு நிஜமாகவே ஒரு மாமியார் உண்டு. குரியாச்சன் அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஜெஸம்மாவோடு போய்ச் சேர்ந்தான். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் கிழவர்களைக் குளிப்பாட்டுகிற வேலை என்று கேள்வி. ஏலிக்குட்டி தொடுபுழையில் மகள் லிஸம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிறு தவறாமல் மருமகளிடமிருந்து போன் வருமாம். சாப்பிட்டீங்களா அம்மச்சி, மழை உண்டா, மாத்திரை போட்டீங்களா என்று அவள்தான் எல்லாக் கேள்வியும் கேட்பாளாம். வீடு பூட்டிக் கிடக்கிறது. குரியாச்சன் பால் எடுத்த ரப்பர் மரங்களை இப்போது தங்கம்மாவின் தம்பி வெட்டுகிறான்.